கிரீஸ் வேண்டாம்

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், என் காரை வாங்கிய தம்பி கையில் ஓர் ஆயில் கன்னைக் கொடுத்தேன். உண்மையில் அது கிரீஸ் கன்தான். 1988-ல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியது. உள்ளே 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றியிருப்பேன். ஆயிலை அது தாங்காது, மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நுனியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன். "இது எதுக்கு சார்?" என்றான். சொன்னேன். சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "பொண்ணைக் கட்டிக் குடுத்தப்போகூட மாப்பிள்ளைகிட்ட இவ்வளவு பேசலை" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வண்டி 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. இப்போது முப்பது வயதில் இருப்பவர்களில் பலர் அதைப் பழைய படங்களில் மட்டும் பார்த்திருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது. நம் ஊர்க் கார் அது. பம்பாயில் ஃபியட்டும் கல்கத்தா பக்கம் அம்பாசிடரும் தயாரான காலத்தில், 1961-லிருந்து 1971 வரை, வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தொழிற்சாலையில் ஹெரால்டு தயாரானது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் கொடுத்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்துக்காரன் செய்த சலூனுக்குக் கதவு இரண்டுதான். பாட்டி, அத்தை, குழந்தைகள் என்று ஆறு பேர் ஏறி இறங்கும் ஊருக்கு இரண்டு கதவு எப்படிக் காணும்? நாலு கதவு ஹெரால்டு மெட்ராஸில் மட்டுமே பிறந்தது. இன்ஜின் 948 சிசி. மலை ஏறச் சொன்னால் முனகும். ஆனால் இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் ரிவர்ஸ் போடாமல் முழு வட்டம் திரும்பிவிடும். மாம்பலத்துச் சந்துகளுக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல் இருக்கும்.

நான் தொழிலுக்கு வந்தது 1974-ல், பதினைந்து வயதில். ராயப்பேட்டையில் ஒரு ஷெட். மேஸ்திரி, இரண்டு மெக்கானிக், ஒரு டிங்கர், எடுபிடியாக நான். ஸ்பேனரைக் கையில் கொடுக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை சீமெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவுவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை. ஷெட்டுக்கு ஹெரால்டு வந்தால் பையன்களுக்குக் கொண்டாட்டம். மற்ற வண்டிகளில் பானெட்டைத் தூக்கிவிட்டு மட்கார்டு மேல் கவிழ்ந்து, முதுகு ஒடிய வேலை செய்ய வேண்டும். ஹெரால்டில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கியை விடுவித்தால் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நான் இன்ஜின் படித்தது அந்த டயர் மேல் உட்கார்ந்துதான். பாயிண்ட் இடைவெளி பதினைந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), டேப்பட் பத்து தவ், ஃபயரிங் ஒன்று மூன்று நாலு இரண்டு. எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இதெல்லாம் ஒரே வாரத்தில் ஏறியது.

அந்த வருஷமே ஒரு தப்பும் செய்தேன். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் உருக்குத் தண்டின் அடிப்பக்கம் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ட்ரனியன் என்போம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழலும். இதற்கு ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மேலேயே கெட்டியாக நின்றுவிடும், அடி மரைவரை போகாது. மழைத் தண்ணீர் உள்ளே புகும், உருக்கு துருப்பிடிக்கும், ஒரு நாள் மரை தொடங்கும் இடத்தில் தண்டு ஒடியும். எனக்கு இது தெரியாது. மேஸ்திரி "எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிடா" என்றார். ஹெரால்டும் அந்த வரிசையில் நின்றது. ட்ரனியனில் நிப்பிள் இருக்காது, ஒரு பிளக்தான் இருக்கும். அதைக் கழற்றி, டப்பாவில் கிடந்த நிப்பிள் ஒன்றைத் தேடிப் பொருத்தி, கெட்டிக்காரத்தனமாகக் கிரீஸ் அடித்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த வண்டி கச்சேரி ரோட்டுத் திருப்பத்தில் முன் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிட்டது, காலை மடக்கிக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் மாடு மாதிரி. நல்லவேளை, நடக்கிற வேகம்தான். ஓட்டியவர் ஒரு காலேஜ் வாத்தியார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி ஒடிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். முக்கால்வாசி முகம் பழைய துரு, கால்வாசி மட்டும் புதுசாகப் பளபளத்தது. "இது இன்னைக்கு ஒடியலை, ரொம்ப நாளா ஒடிஞ்சுக்கிட்டிருக்கு" என்றார். பிறகு நான் பொருத்திய நிப்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அந்தத் துண்டை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ரொம்ப நாள் அது என் டூல் பெட்டியில் கிடந்தது.

1983-ல் சைதாப்பேட்டையில் சொந்த ஷெட் போட்டேன். 1986-ல் இந்த ஹெரால்டை வாங்கினேன். வைத்திருந்தவர் காலமாகி, வண்டி மூன்று வருஷம் போர்ட்டிகோவில் நின்றிருந்தது. வெளிர் நீலம். நாலு டயரும் தட்டை. டிக்கியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய பணம். மாருதி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, எல்லோரும் பழைய வண்டியைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, வாங்குறதே வாங்குறீங்க, ஓடுற வண்டியா வாங்கக் கூடாதா?"

இந்தக் கேள்வி அடுத்த 37 வருஷம் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்க நியாயமும் இருந்தது. மே மாத வெயிலில் அரும்பாக்கம் தாண்டுவதற்குள் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மழையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் புகுந்து மிஸ்ஸிங் அடிக்கும். டைனமோ இரவில் ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் சேர்ந்து கரண்ட் கொடுக்காது, இரண்டில் ஒன்று என்று நாமே முடிவு செய்ய வேண்டும். ஊரெல்லாம் வண்டியைச் சரி செய்பவனின் சொந்த வண்டி தெருவில் நிற்பதை விடக் கேவலம் என் தொழிலில் கிடையாது. பார்ட்டிகள் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, "என்ன மேஸ்திரி, உங்களுக்கே இப்படியா?" என்பார்கள். ஒருமுறை காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டி, சாப்பிட்டு, பந்தல் பிரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

வண்டியின் மேல் பழி போட மாட்டேன். 1969-ல் புதிதாக வந்தபோது அது செய்ய வேண்டியதைச் செய்திருக்கும். நான் ஓட்டியது வயதான ரப்பரும், பலர் கைபட்ட ஒயரும், கிடைத்ததை வைத்துச் சமாளித்த ஸ்பேருமாக இருந்த ஒரு வண்டியை. ஹெரால்டு நின்ற பின் அதே கம்பெனி கொஞ்ச காலம் கெசல் என்ற கார் செய்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று விட்டது, அது போகவில்லை. 1988-ல் கதவைச் சாத்தினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மகள், "அப்பா, இதோட பொறந்த வீடு வருது, ஹாரன் அடிங்க" என்பாள். அடிப்பேன். கம்பெனி மூடிய பிறகு ஸ்பேருக்குப் புதுப்பேட்டைதான் கதி. அங்கேயும் உடைக்க ஹெரால்டு வருவது 2000 வாக்கில் நின்றுவிட்டது.

2000 பிப்ரவரியில்தான் ஈயம் கலந்த பெட்ரோலும் நாடு முழுக்க நின்றது. காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பழைய இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை. அது போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டைத் தின்றுகொண்டு உள்ளே போகத் தொடங்கியது. டேப்பட் வைத்த இரண்டாயிரம் கிலோமீட்டரில் இடைவெளி காணாமல் போகும். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர், ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து வெளியே வந்தவர், ஹெட்டைக் கடைந்து கெட்டியான வளையம் நாலு இறக்கிக் கொடுத்தார். வளையத்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சுருக்கி, ஹெட்டைச் சூடேற்றி, ஒரே தட்டில் உள்ளே இறக்கினார். இரண்டாவது தட்டு தட்டினால் வளையம் கோணிவிடும் என்றார். அந்த ஹெட் இன்றுவரை கழற்றப்படவில்லை. அவர் 2011-ல் இறந்துபோனார். பையன் பட்டறையை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு பின் ஆக்சில் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) வேண்டுமென்றால் வேறு வண்டியின் கப்பைக் கடைந்து பொருத்த ஆள் தேடி அம்பத்தூர்வரை அலைந்திருக்கிறேன். காட்டினால் இளவட்டங்கள், "அசெம்பிளியா மாத்திடுங்க அண்ணே" என்பார்கள். எந்த அசெம்பிளியை?

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் ஷெட்டுக்குள் வந்தது. கழுத்தளவு. ஷெட்டில் அப்போது ஐந்து வண்டி நின்றது. நாலு புது ரகம், ஐந்தாவது ஹெரால்டு. இரண்டு நாள் தண்ணீருக்கடியில் கிடந்தன. வடிந்ததும் பார்த்தால் சீட்டில் சேறு, டேஷ்போர்டில் ஆகாயத்தாமரை. புது வண்டி நாலுக்கும் கம்ப்யூட்டர் பெட்டி போச்சு, ஒயரிங் போச்சு. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, இது தேறாது என்று எழுதிவிட்டார்கள். ஹெரால்டில் போவதற்கு என்ன இருக்கிறது? நாலு பிளக்கையும் கழற்றி சிலிண்டரில் டீசல் ஊற்றினேன். டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி இன்ஜினைச் சுற்றவைத்தோம். சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி வெளியே வந்தது. டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் பிரித்து வெயிலில் காயவைத்தேன். ஆயில் இரண்டு தடவை மாற்றினேன். டேங்கைக் கவிழ்த்துக் கழுவினேன். பாயிண்ட்டை எமரித் தாளில் தேய்த்தேன். நாலாம் நாள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சைலன்ஸர் வழியாக ஒரு வாளி சேறு கக்கிவிட்டு ஓடியது. எங்கள் தெருவில் அந்த வாரம் பாலும் பிரெட்டும் சுமந்தது அந்த வண்டிதான். மனைவி அன்றைக்கு மட்டும் அதன் பானெட்டில் ஒரு கையை வைத்தாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தண்ணீர் போகவில்லை. ஹெரால்டுக்கு பாடி வேறு, சேஸிஸ் வேறு. பாடியைத் தாங்குவதற்கு சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் பெட்டி பெட்டியாகக் கைகள் நீளும். அந்தப் பெட்டிகளுக்குள் அடையாற்றுச் சேறு தங்கிவிட்டது. உள்ளிருந்தே அரித்தது. 2020 ஊரடங்கில் கிடைத்த நேரத்தில் இரண்டு கையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். மிச்சத்தை சுத்தியால் தட்டிப் பார்த்தேன். 'டங்' என்று வர வேண்டிய இடத்தில் 'டொப்' என்றது.

விற்க முடிவெடுத்ததற்கு அதுவும் காரணமில்லை. 2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போனேன். ஒன்பது வயது. திரும்பும்போது, "தாத்தா, பின்னாடி யாரோ விரல் சொடுக்குறாங்க" என்றாள். யாரும் இல்லை என்றேன். "கிளம்பும்போதெல்லாம் சொடுக்குறாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் இறக்கி, மறுபடி கிளப்பினேன். "இதோ" என்றாள். எனக்குக் கேட்கவில்லை.

ஹெரால்டு ஓட்டியவர்களுக்கு அந்தச் சொடுக்கு என்னவென்று தெரியும். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரை ஆக்சில், அதன் உள் முனையில் ஒரு கிராஸ். கிராஸ் காய்ந்துபோனால் முதலில் வருவது இந்த 'டிக்'. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஆக்சில் கையை விடும், சக்கரம் தன் வழியே போகும். ஷெட்டில் ஏற்றிப் பார்த்தேன். கப்பைச் சுற்றிக் குங்குமம் தூவியதுபோல் சிவப்புத் துருத்தூள். எத்தனை வாரமாகச் சொடுக்கிக்கொண்டிருந்ததோ.

மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. ஹப்பைக் கழற்ற அதற்கென்றே தனிப் புல்லர் வேண்டும். முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஹப் விடும். தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சன்னமான சத்தங்கள்தான் போயிருக்கின்றன. காது டாக்டர் அட்டையில் கோடு போட்டுக் காட்டினார். ஐம்பது வருஷம் டிங்கர் பக்கத்தில் நின்றவன் காது இப்படித்தான் இருக்கும் என்றார். என் தொழிலில் காதுதான் முதல் கருவி. புது வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண்ணாக வந்து நிற்கும். ஹெரால்டு எண் சொல்லாது. சொடுக்கும், முனகும், சீறும். அதைக் கேட்கிறவன் ஓட்ட வேண்டும்.

ஊரில் கேட்டவர்களுக்கு வேறு காரணம் சொன்னேன். அடுத்த வருஷம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி வேறு, கட்டுப்படியாகாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மனைவி மட்டும் ஆட்டவில்லை.

வாங்க வந்தவர்கள் பல தினுசு. காயலான் கடைக்காரர் எடை கேட்டார். ஒருவர் மாருதி இன்ஜின் ஏற்றி ஏசி வைக்கப் போகிறேன் என்றார். ஓட்டல் வைத்திருந்த ஒருவர் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே பூச்செடி வைப்பாராம். காசைப் பார்த்தால் அவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாலாவதாக வந்த தம்பி கோயம்புத்தூர்க்காரன். பம்ப் செய்கிற பட்டறையில் வேலை. வந்ததும் பெயின்ட்டைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பழைய லுங்கி ஒன்றை எடுத்து விரித்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். கால் மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு ஸ்பேனரால் சேஸிஸ் கைகளை ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம். வெளியே வந்து, "சார், இடது பக்கம் ரெண்டு கை போயிருச்சுங்க, தகடு வெச்சுக்கலாமுங்க" என்றான். எண்பத்தைந்தாயிரம் பேசினோம். படிவம் 29, 30 எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். ஆயில் கன், ஹப் புல்லர், இஞ்ச் அளவு ஸ்பேனர் செட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மேஸ்திரி என் பையில் போட்ட அந்த ஒடிந்த துண்டையும் டூல் பெட்டியில் தேடினேன். 2015 வெள்ளத்திலேயே போயிருக்கும் போல, கிடைக்கவில்லை.

ஓட்டிக்கொண்டு போகாதே, ஐந்நூறு கிலோமீட்டர், லாரியில் ஏற்று என்றேன். லாரி வந்தது. பலகை போட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

எனக்கு என்னவென்று தெரியும். கார்புரேட்டரில் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு நாள் ஓட்டாமல் நின்றால் செய்கிற வேலை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒரே தட்டு. கை தானாக முன்னால் போயிற்று. பின்னால் கட்டிக்கொண்டேன். தம்பி பானெட்டைக் கவிழ்த்து, முன் டயர் மேல் உட்கார்ந்தான். பிளக்கில் பொறி பார்த்தான். வருகிறது. பெட்ரோல் பைப்பை விரலால் தொட்டான். கார்புரேட்டர் மேல் காதை வைத்துக் கேட்டான். சுற்றுமுற்றும் பார்த்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிடியால் தட்டினான். இரண்டாவது தட்டில் விட்டது. லாரிக்காரர் "ஏத்துங்க, ஏத்துங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தான். சேஸிஸ் வேலை முடிந்ததாம். ட்ரனியனில் ஆயில் போடுமுன் கழற்றிப் பார்த்தேன், மரை புதுசு மாதிரி இருக்கிறது சார் என்றான்.

யாராவது வீட்டு போர்ட்டிகோவில், மூட்டை முடிச்சுக்கு நடுவில், இன்னும் ஒரு ஹெரால்டு நின்றுகொண்டிருக்கலாம். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். மெக்கானிக்கிடம் விடும்போது ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: முன் ட்ரனியனுக்கு 90 நம்பர் ஆயில். கிரீஸ் வேண்டாம்.